அரணாக்கயிறும் ஆர்.எஃப். ஊசியும்

“…இத அறுத்தா நான் செத்துட்டேன்னுதான் அர்த்தம், தம்பி. எங்கப்பாவுக்குப் பொணமாக் கெடக்கும்போதுதான் அறுத்தோம். டாக்டருட்ட சொல்லிருங்க, நான் வீட்டுக்குப் போறேன்லா” என்று இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி மேசையில் எழுந்து உட்கார்ந்தார் வேலு அண்ணன்.

சுங்காய் ஊர்க்காரர். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் மகள் வீட்டோடு இருந்தார். ஈரலில் கட்டி. மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்ததால் ஊசியால் சுட்டே அழித்துவிடலாம் என்றார் டாக்டர். நான் அப்போது ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் அட்டெண்டன்ட். ஆட்களை மேசையில் ஏற்றுவது, பேட் ஒட்டுவது, பேச்சுக் கொடுப்பது என் வேலை. கடைசியாகச் சொன்னதை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

ஆர்.எஃப்., அதாவது ரேடியோ அதிர்வெண் மின்சார முறையில், ஸ்கேனைப் பார்த்தபடி ஊசியைக் கட்டிக்குள் இறக்குவார்கள். மின்சாரம் ஊசி வழியாகப் போய், தொடையில் ஒட்டிய பேட் வழியாக வெளியேறும். ஊசி முனையைச் சுற்றி மட்டும் சதை வேகும். தோல்மேல் உலோகம் கிடந்தால் அங்கேயும் சுட்டுவிடலாம். அதனால்தான் நகை இருக்கிறதா என்று தாதி ஒரு முறையும் நான் ஒரு முறையும் கேட்டோம். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேறு ஒன்றும் இல்லை என்றார். பேட் ஒட்டும்போது, முடிச்சு இறுகிப்போன அந்தக் கயிற்றில் கோத்த செப்புத் தாயத்து என் விரலில் தட்டுப்பட்டது. அவர் பொய் சொல்லவில்லை. என் இடுப்பிலும் ஒரு கயிறு இருந்தது. எனக்கும் அது நகையாகத் தோன்றியதில்லை.

இன்று விட்டால் அடுத்த தேதி ஒரு மாதம் கழித்துத்தான், அதற்குள் கட்டி பெருத்தால் ஊசிக்கு அடங்காது என்று டாக்டர் மலாயில் சொன்னார். வேலு அண்ணனோ மருமகன் கைப்பேசிக்கு அனுப்பிய செய்தியைச் சொன்னார்.

“நானோவாம். இரும்புத் தூளக் கட்டிக்குள்ள விட்டு, வெளியருந்து காந்தம் காட்டினா, தூளு சூடாகிக் கட்டிய வேகவெச்சிருமாம். சினாங்லா, ரொம்ப லேசு, கயிற அறுக்க வேணாம். அது வரட்டும், அப்ப வாரேன்.”

அதைப் பற்றி டாக்டர் எங்களுக்கு ஏற்கெனவே விளக்கியிருந்ததை நான் அவரிடம் சொன்னேன்.

“அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குண்ணே. நாளைக்கு இங்க வந்தாலும், அந்தக் காந்தம் உங்க தாயத்தையும் சூடாக்கும். அவங்களும் இதத்தான் மொதல்ல கழட்டச் சொல்லுவாங்க.”

தாயத்தை விரலால் தடவினார். பிறகு, “இடுப்பு வெறுமையாக் கெடக்கக்கூடாது, தம்பி” என்றார்.

அது எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டிலும் புதுக் கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதை எடுப்போம். காயத்துக்குக் கட்டும் துணிச் சுருளில் ஒரு நீளம் கிழித்து முறுக்கினேன். பருத்திதான், உலோகம் இல்லை. டாக்டரிடம் காட்டினேன்; தலையசைத்தார். அதை அவர் இடுப்பில் கட்டிவிட்டுக் கத்தரிக்கோலை நீட்டினேன்.

“நான் அறுக்கல. நீங்களே அறுங்க. செத்த ஆளு தன் கயிறத் தானே அறுப்பானாண்ணே?”

அன்றைக்குப் பிறகு ஓய்வு பெறும்வரை யாரிடமும் நான் நகை இருக்கிறதா என்று கேட்டதில்லை. கழுத்தில் என்ன, கையில் என்ன, இடுப்பில் என்ன என்று ஒவ்வோர் இடமாகக் கேட்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் அப்படியே கேளுங்கள்.

அன்று வேலு அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கத்தரிக்கோலை வாங்கி, பழைய கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தார். தாயத்தை என் சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிவிட்டு, மல்லாந்து படுத்து, ஊசிக்கு இடம் விட்டு வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.