ரயிலுக்கென்று துடைத்த நிலவறை

எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. அருப்புக்கோட்டையில் அப்பா மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் மண்டி நடத்திய காலத்தில், விலை ஏறும்வரை மூட்டைகளை அடுக்கிவைக்க வெட்டியது. தெருவிலிருந்தே மூட்டையை இறக்க வாசல் பக்கம் ஒரு வழி. வீட்டுக்குள்ளிருந்து இறங்க அடுப்படி ஓரமாகக் குறுகலான படிகள். அப்பா இறந்தபின் மண்டியை மூடிவிட்டோம். தெருவழியை அம்மா செங்கல் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டாள். அதன்பின் யாரும் கீழே போகவில்லை. போனால் தும்மல் நிற்காது.

நான் அப்போது அரசுப் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மூன்று இடம் வந்து தட்டிப்போனபின் அம்மா அந்தப் பேச்சை எடுப்பதைக் குறைத்திருந்தாள். அண்ணன் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தான். சனிக்கிழமை சாயந்திரம் பந்தல்குடி வழியாக வரும் பஸ்ஸில் வந்து, திங்கட்கிழமை காலையில் திரும்பிப் போவான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு சனிக்கிழமை அவன் பழைய செய்தித்தாளில் சுற்றிய பெட்டி ஒன்றோடு வந்தான். ஜப்பானிலிருந்து வந்த கப்பலில் ஒரு மாலுமி கொடுத்ததாம். உள்ளே ஒரு ரயில். எஞ்சின் என் நடுவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. கரி எஞ்சின்தான், புகைபோக்கி முதல் சக்கரத்தை இணைக்கும் கம்பிவரை எல்லாம் இருந்தது. பெட்டிகளின் சன்னல்களில் கண்ணாடி. கூடத்துத் தரையில் தண்டவாளத் துண்டுகளை வட்டமாகக் கோத்து ஓட்டினோம். அம்மா கையில் கரண்டியோடு வந்து பார்த்தவள், குழம்பு அடிபிடிக்கும் வாசனை வரும்வரை நகரவில்லை.

"வட்டமாச் சுத்துறதுல என்ன இருக்கு?" என்றான் அண்ணன். "நம்ம லைனையே செஞ்சா என்ன பாப்பா? விருதுநகர்லருந்து மானாமதுரை வரைக்கும். அருப்புக்கோட்ட, திருச்சுழி, நரிக்குடி, எல்லா ஸ்டேசனும்."

"அம்புட்டையும் எங்க வைக்க?"

அவன் குதிகாலால் தரையைத் தட்டினான். "கீழ."

எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் நதியும் மலையும் வரைந்து அழித்துக்கொண்டிருந்தவளுக்கு, அழிக்கத் தேவையில்லாத ஒன்றைச் செய்யலாம் என்று ஒருவன் சொல்லிவிட்டான். அடுத்த லீவு நாளிலேயே மானாமதுரைக்கு டிக்கெட் எடுத்து சன்னலோரம் உட்கார்ந்தேன். லைன் எங்கே வளைகிறது, எங்கே சின்னப் பாலம், கரிசல் எந்த இடத்தில் முடிந்து செவக்காட்டு மண் தொடங்குகிறது என்று படம் போட்டுக்கொண்டே போனேன். எதிரே இருந்த அம்மாள், "சர்வே ஆபீசா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கோடை லீவில் நிலவறையில் இறங்கினேன். ஈரத்துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, அங்கே மக்கிக் கிடந்த சாக்குகளை முதலில் வெளியேற்றினேன். அப்புறம் தூசி. மிளகாய்த் தூசி சுவரில் அப்பியிருக்கும் விதமே வேறு. பெருக்கினால் எழுந்து முகத்துக்கு வரும், உட்காரும்வரை காத்திருந்தால் மறுபடி சுவரிலேயே உட்காரும். கண் சிவந்து, கை எரிந்து, மோரில் கையை நனைத்துக்கொண்டே வேலை செய்தேன். தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் போகும் என்று தெரிந்தது. குடிதண்ணீர்க் குழாயை நம்பி எங்கள் ஊரில் எதையும் கழுவ முடியாது. கொல்லைக் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடம் குடமாக இறக்கிக் கழுவினேன். எரிச்சல் போய்விட்டது. ஆனால் சுவர் காயக் காய, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் சுண்ணாம்பு உதிர்ந்தது. பூராவையும் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசச் சொன்னேன். என் சம்பளம் அந்த வருஷம் முழுக்கக் கீழேதான் இறங்கியது.

ஐப்பசி மழையில் கிழக்கு மூலையில் ஈரம் கசிந்து ஓதம் கண்டது. கரிசல் மண் கோடையில் வெடித்துக் கிடந்து, மழை பெய்ததும் உப்பிச் சுவரை நெருக்குகிற மண். வெளியே சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டி, தார் பூசி, மழைத்தண்ணீர் வேறு பக்கம் ஓட வாய்க்கால் வெட்டவைத்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று கொத்தனாரோடு மல்லுக்கட்டும் டீச்சரை, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளை மெதுவாக ஓட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

சனிக்கிழமை வந்ததும் அண்ணன் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கீழே போவான். சுவரைத் தடவிப் பார்ப்பான், மோந்து பார்ப்பான். "ஒன்னயத் தவிர யாராலயும் இத செய்ய முடியாது பாப்பா," என்பான். ஆலோசனைகளும் சொல்வான். அடைத்த தெருவழியைத் திறந்து இரும்புக் கதவு போடலாம், பலகையெல்லாம் அப்படியே இறக்கிவிடலாம் என்றான். மேல்வீட்டுக் கரண்டோடு சேராமல் கீழே தனி லைன் இழுக்கச் சொன்னான். சுவர் நெடுக வரிசையாகப் பிளக் பாயிண்ட், மூலையில் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன். எல்லாம் ரயிலுக்கு நல்லதாகவே பட்டது. மேஜை விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

"இடுப்பு உயரத்துக்கு இருக்கணும்ணே. நின்னு பாத்தாத்தான் முழு லைனும் கண்ணுக்குத் தெரியும்."

"உக்காந்து பாக்குற உயரத்துக்குப் போடு. வயசான காலத்துல நின்னுக்கிட்டா ரயிலு ஓட்டுவ?"

"சரி. ஆனா சுவத்தோட சேத்து அடிச்சிருவோம். ஆட்டம் இருக்காது."

"சுவத்துல ஆணி வேணாம். தனித்தனியா நிக்கட்டும். நாளைக்கு மாத்தணும்னா ஈசியா இருக்கும்."

அவன் இஷ்டப்படியே செய்தேன். அவனுக்காக விட்டுக்கொடுத்தேன் என்பதில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

மார்கழியில் சுவருக்கு வானம் தீட்டினேன். மேலே நல்ல நீலம், கீழே வரவர வெளுத்து, மேஜை மட்டத்தில் ஏறக்குறைய வெள்ளை. திருச்சுழிப் பக்கத்து மத்தியான வானம், மேகமே கிடையாது. பள்ளி விட்டு வந்து, இருட்டும்வரை ஏணியில் நின்று நான் ஒருத்தியாகத் தீட்டியது. அந்தச் சனிக்கிழமை அண்ணன் இறங்கிவந்து, சுவரை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடந்து பார்த்தான். பிரமித்துப்போனான் என்று நினைத்தேன்.

"வெள்ளையே போதுமேத்தா," என்றான் கடைசியில்.

தை மாதம் பள்ளி அரை நாளோடு விட்ட ஒரு தினம் வீட்டுக்கு வந்தேன். தெருப்பக்கத்து இரும்புக் கதவு திறந்திருந்தது. கீழே இரண்டு பேர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். அம்மா காப்பித் தட்டோடு உள்படியில் நின்றாள். அளந்தவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். அண்ணனுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் உடன்பிறந்தவர், மல்லாங்கிணற்றுக்காரர். பூ வைக்கப் போனபோது எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர்.

"வாங்க டீச்சர்," என்றார் மலர்ச்சியாக. "நீங்கதான் கூடவே நின்னு செஞ்சீகன்னு ஒங்க அண்ணன் சொன்னாக. சென்டருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"என்ன சென்டரு?"

"கம்ப்யூட்டர் சென்டருதான். ஒங்க அண்ணனும் நானும் சேந்து ஆரம்பிக்கிறோம்ல. ஆவணியிலயே பேசி முடிச்சாச்சே." அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைப் பார்த்தாள். அவருக்கு எதுவும் விளங்கவில்லை, பாவம், பேசிக்கொண்டே போனார். "கம்ப்யூட்டருக்குத் தூசியும் ஓதமும் ஆகாதுங்க. டவுனுல இப்பிடி ஒரு ரூமு எங்க கெடைக்கும்? பிளக்கு, டேபிளு எல்லாம் நான் சொன்ன அளவுலயே வந்திருக்கு. அந்த நீலத்துக்கு மேல மட்டும் ஒரு கோட்டு வெள்ளையடிச்சிருவோம்."

ஆவணி என்றால், நான் ஓதத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால். தெருவழியைத் திறப்பதற்கு முன்னால். மேஜையின் உயரம், தனி லைன், ஆணி அடிக்காத சுவர், எதுவுமே அண்ணனுடைய யோசனை இல்லை. இந்த மனிதர் அவனிடம் சொல்லியிருக்கிறார், அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். மார்கழி முழுக்க நான் வானம் தீட்டியது இன்னொருவருடைய சுவரில்.

அவர்கள் போனபின் அம்மா தொட்டியடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"எங்கிட்டதான் மொதல்ல கேட்டான். ஒங்கிட்டச் சொல்லணும்னுதான் சொன்னான். நாந்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "சொன்னா நீ எறங்கிச் செஞ்சிருப்பியா?"

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அரிசியில் கல் இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். "அவனும் எத்தன நாளைக்கு அடுத்தவுககிட்டக் கைகட்டி நிப்பான்? பொண்ணு வீட்டுல பாதிப் பணம் அவுகளே போடுறாக, எடம் மட்டும் நாம குடுத்தாப் போதும்னாக. பொம்ம ரயிலுக்கா அந்த ரூமக் குடுக்க முடியும்?"

நான் இறங்கிச் செய்தபோதெல்லாம் மோர் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். எரிகிற கையை அவள் முந்தானையில்தான் துடைத்திருக்கிறேன். அண்ணன் செய்ததை நினைத்தால் எனக்குக் கோபம் வந்தது. அம்மா செய்ததை நினைத்தால் வீட்டில் எங்கே உட்காருவது என்றே தெரியாமல் போனது.

சனிக்கிழமை அண்ணன் வந்தான். அம்மா தெருமுனையிலேயே நின்று சொல்லிவிட்டாள் போல. கீழே போகாமல் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"மாடியில தகரம் போட்டு ஒரு ரூம்பு எறக்கித்தாரேன். அங்க வச்சுக்கிருவோம்."

"தகரத்துக்கு அடியில சித்திர மாசத்துல தண்டவாளம் நெளிஞ்சிரும்."

"வேற ஏதாச்சும் பண்ணுவோம்."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுண்ணே. என்னைக்காவது நெசமா ரயிலுக்குன்னு நெனச்சியா?"

அவன் என் முகத்தைப் பார்த்தே சொன்னான். "மொதல்ல நெசமாத்தான் நெனச்சேன். சத்தியமா. அப்புறம் இவரு கேட்டாரு. அன்னைக்கே ஒங்கிட்டச் சொல்லியிருக்கணும். ஆனா வேல ஒங்கையில நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, நிறுத்த மனசு வரல."

அவன் பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சண்டை போடவில்லை. என்னிடம் இருந்த நிலவறைச் சாவியைக் கேட்டான், கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முறைப்படி நாத்தனாராக நின்று மூன்றாம் முடிச்சைப் போட்டேன், போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வைகாசியில் மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்து, திருச்சுழிப் பள்ளிக்குப் போனேன். கடைவீதியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். "அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸு அடிக்கொருக்க இருக்கே, வீட்டுலருந்து வந்துபோகலாம்ல," என்று தலைமை ஆசிரியை கேட்டார். பஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன்.

அந்த ஜப்பான் ரயிலை நான் எடுத்துவரவில்லை. அது மதினியின் ஷோகேஸில் கிளிஞ்சல் பொம்மைக்கும் தலையாட்டிப் பொம்மைக்கும் நடுவில் இருப்பதை ஒரு தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன். எஞ்சினைத் தலைகீழாக, புகைபோக்கி அடியில் இருக்கும்படி வைத்திருந்தார்கள். திருப்பி வைக்கவேண்டும் என்று கை வந்தது. வைக்காமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சென்டர் நன்றாகவே நடந்தது. திருச்சுழியிலிருந்துகூடப் பிள்ளைகள் போனார்கள். பத்தாம் வகுப்பு முடித்து லீவில் சேர்ந்த ஒரு மாணவி, சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்தபோது சொன்னாள்.

"மே மாசத்துல கூட உள்ள குளுகுளுன்னு இருக்கு டீச்சர். வெளிய வரவே மனசு வராது."

"நல்லாப் படி," என்றேன்.

பல வருஷம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தபோது என்னிடம்தான் வந்தாள். மதினிக்குப் பிள்ளைகளைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. அம்மாவைக் குளிப்பாட்டினேன், சோறு குழைத்து ஊட்டினேன். அவளுக்கு நினைவு தெளிவாக இருந்த நாட்களும் உண்டு. பேசியிருக்கலாம். அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு தடவை என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துத் தடவிக்கொடுத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

அம்மா இறந்து, அவளை எடுத்தபின், கழுவிவிட்ட தரையில் அண்ணனும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த சோற்று வாளி மூலையில் மூடியபடியே இருந்தது.

"ஏதும் சாப்பிட்டியா பாப்பா?" என்று கேட்டான்.

சாப்பிட்டுவிட்டேன் என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.