கோவமெண்டா கதைக்காம இரிக்கிறது

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியனாகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாப்பா கையெழுத்துப் போடத் தெரியாத தறிக்காரர். அதனாலோ என்னவோ, பயிற்சிக் கலாசாலையில் எழுதித்தந்த குறிப்புகளை ஒரு எழுத்து விடாமல் நம்பினேன். பிள்ளைகளை நடிக்கவிட்டால் தங்கள் மனதையும் அடுத்தவர் மனதையும் விளங்கிக்கொள்வார்கள் என்று அதில் இருந்தது. அதிபரிடம் கெஞ்சி, நாலாம் ஆண்டுக்குப் புதன்கிழமை ஒரு பாடவேளை வாங்கினேன்.

முதல் புதன் நடிக்கக் கொடுத்த உணர்ச்சி சந்தோசம். பிள்ளைகள் வாங்குப் பலகைகளில் ஏறிக் குதித்த குதிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் அதிபரிடம் போய் முறையிட்டுவிட்டார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு தட்டிதான்.

"தம்பி, அடுத்த புதனும் சத்தம் கேட்டா நாடகத்த நிப்பாட்டிப்போட்டு கணக்கப் படிச்சுக்குடுங்க" என்றார் அதிபர்.

அடுத்த புதனுக்குச் சத்தமில்லாத உணர்ச்சியாக, வெட்கத்தைத் தெரிவுசெய்து வைத்திருந்தேன். தொடங்குமுன் அதிபரே வந்து வாசலில் நின்றார்.

"கோவத்த நடிக்கச் சொல்லுங்க, பாப்பம்."

கத்துவது, காலை உதைப்பது, பொருளை எறிவது என்றுதான் என் குறிப்பில் இருந்தது. இன்றோடு சரி என்று நினைத்தேன்.

இரண்டு பையன்கள் முன்னால் வந்தார்கள். முதுகோடு முதுகு காட்டி நின்றார்கள். அவ்வளவுதான். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"கோவத்தக் காட்டுங்கடா" என்றேன் மெதுவாக.

"காட்டிக்கிட்டுத்தானே நிக்கிறம் சேர்."

"சத்தத்தையே காணல்லயே?"

முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். "அது ஏசுறது சேர். கோவமெண்டா கதைக்காம இரிக்கிறது."

உண்மைதான். நானும் கூட்டாளிமாரோடு கோவம் என்று நாட்கணக்கில் முகம் திருப்பித் திரிந்தவன்தான். குறிப்பைப் படித்த பிறகு அது மறந்துபோயிருந்தது.

ஒருவன் திரும்பாமலே அவளைக் கூப்பிட்டான். "புள்ள, அவனுக்கிட்ட அழிறப்பர் இரிக்கா எண்டு கேளு."

அவன் முதுகில் முட்டிக்கொண்டு நின்ற மற்றவன், "இரிக்கி, ஆனா தரமாட்டனாம் எண்டு சொல்லு" என்றான்.

அவள் இரண்டு செய்தியையும் சிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அடக்க முடியாமல் போனது அதிபருக்குத்தான். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஆளைக் கண்டதும் தலையை இழுத்துக்கொண்டார்.

நான் பையன்களிடம் கேட்டேன்: "இப்ப உள்ளுக்கு எப்படி இரிக்கி?"

"கதைக்கத்தான் ஆசயா இரிக்கி சேர். அவன் முதல் கதைக்கட்டும்."

"எனக்கும் அதான்" என்றான் மற்றவன்.

அதிபர் லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். "சரி, நடத்துங்க தம்பி. அடுத்த புதன் என்ன?"

"பயம்" என்றேன்.

"அதுக்கும் நீங்க வந்து நில்லுங்க சேர்" என்றாள் அந்தப் பிள்ளை அவரிடம். "அப்பதான் நல்லா வரும்."