பொம்மைகளுக்குத் தீர்ப்பு சொன்ன ஞாயிற்றுக்கிழமை

முதலில் சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு சொல்கிறேன். பேய், பிசாசு, செய்வினை என்று எவனாவது என் முன்னால் வாயைத் திறந்தால் "போடா, வேலையப் பாத்துக்கிட்டு" என்று விரட்டுகிற ஆள் நான். பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எனக்கு வேலை. பெண்கள் கொண்டுவருகிற கொழுந்தில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் விரிப்பேன், முற்றின இலை கண்ணில் பட்டால் அப்படியே தள்ளிவிடுவேன். "இன்னொருக்காப் பாருங்கண்ணே" என்று கெஞ்சுவார்கள். பார்க்கமாட்டேன். ஒரே பார்வையில் முடிக்கிற கை என்று எனக்குத் திமிர் வேறு, இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எல்ல என்கிற ஊரில் ஹோட்டல் வேலை செய்கிற என் மச்சான் ஒரு பழைய லேப்டாப்பைக் கொடுத்தான், அதில் ஒரு கேம் இருந்தது. யாரோ வீசியெறிந்த பொம்மைகள் ஒரு பெல்ட்டில் வரிசையாக வரும், ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, நல்லது என்றால் பச்சை பட்டன், கெட்டது என்றால் சிவப்பு. சிவப்பை அமுக்கினால் இரண்டு இரும்புத் தாடைகள் வந்து முதலில் கை, பிறகு கால், கடைசியில் கழுத்து என்று பிய்த்துப் போடும், பொம்மை கத்தும். சிலதுக்குள் ஏதோ கெட்டது குடியிருக்குமாம், அதைத் தவறிப் பச்சையில் விட்டால் திரும்பி வந்து நம் கழுத்தை அறுத்துவிடும், ஆட்டம் முடிந்தது. ஒரே வாரத்தில் நான் அதில் ராஜா. அழுக்கா, கிழிசலா, எது கண்ணில் பட்டாலும் யோசிக்காமல் சிவப்பு.

இது நடந்தது ராத்திரியில் இல்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்து, நல்ல வெயில், பதினோரு மணி இருக்கும். மனைவி மேரியும் எட்டு வயது மகள் ஸ்டெல்லாவும் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து டக் டக்கென்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ரப்பர் பொம்மை வந்தது, மூக்குக்குக் கீழே நீல மையில் மீசை. ஏதோ கத்தியது, எல்லாம்தான் கத்தும். அழுக்கு, சிவப்பு. அமுக்கிய பிறகுதான் அந்த மீசை எனக்கு உறைத்தது.

அது ஸ்டெல்லாவின் பொம்மை. பேனாவால் அந்த மீசையைப் போட்டவளே அவள்தான். பாடம் படிக்காமல் அதையே கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று போன வருசம் கோபத்தில் பிடுங்கி, தொழிற்சாலை அடுப்பில் நானே போட்டேன், உருகியதை என் கண்ணால் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், அதே மீசை, ஒரு பக்கம் கோணலாக. தாடைகள் அதன் வலது கையைக் கவ்வின.

பின்னால் ஒரு அலறல். ஜன்னல் வழியே பார்த்தால், ஸ்டெல்லாவின் வலது கை தன்னால் மேலே எழும்பிப் பின்பக்கமாக முறுக்கிக்கொண்டு போகிறது, மேரி துணியோடு நாலடி தள்ளி நிற்கிறாள், பிள்ளையைத் தொட ஒருவரும் இல்லை. எலும்பு முறிகிற சத்தம் உள்ளே இருந்த எனக்கே கேட்டது.

"ஐயோ மாதாவே! இந்தாங்க, ஓடியாங்க, பிள்ளைய என்னமோ இழுக்குதுங்க!"

திரையில் பொம்மையின் கை தனியாக விழுந்தது, தாடைகள் காலுக்கு நகர்ந்தன. பச்சையை அமுக்கினேன், அமுக்கினேன், ஒன்றும் அசையவில்லை. மூடியை அறைந்து மூடினேன், உள்ளே கடிக்கிற சத்தம் நிற்கவில்லை.

"காலு! காலப் புடிச்சிருச்சுங்க!" என்று மேரி கத்துகிறாள்.

கதவோரம் சாத்தியிருந்த, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து அந்தச் சனியனை வெட்டினேன். ஏழோ எட்டோ வெட்டு, கண்ணாடி தெறித்து என் கன்னம் கிழிந்தது, ரத்தம் வாய்க்குள் போகிறது, நான் நிறுத்தவில்லை. எப்போது சத்தம் அடங்கியது என்றே தெரியாது. வெளியே ஓடினால் பிள்ளை சேற்றில் கிடக்கிறாள், கெண்டைக்காலெல்லாம் ரத்தம், ஆனால் கால் இருந்தது, மூச்சும் இருந்தது. வாரி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம்.

பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் வரிசையாகப் பல் பதிந்த தடம்.

"எந்த மெஷின்ல மாட்டிச்சு பிள்ள?" என்று கேட்டார்.

"விழுந்துட்டா டொக்டர்" என்றேன், வேறென்ன சொல்ல? அவர் நம்பவில்லை, நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

கை சேர்ந்துவிட்டது, கால் காயமும் ஆறிவிட்டது. அன்றைக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை என்கிறாள் ஸ்டெல்லா. அந்தக் கேமை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை, மாதா சத்தியமாக நான் காட்டியதே இல்லை. ஆனால் பதுளைக்குப் போகிற வழியில், ஆட்டோவில் என் மடியில் அரை மயக்கமாகக் கிடந்தவள் கண்ணைத் திறந்து சொன்னது எனக்கும் மேரிக்கும் தெளிவாகக் கேட்டது.

"நான் அவ்வளவு கத்துனேனேப்பா. நீங்க என்னயச் சரியாப் பாக்கவே இல்லையே."