வயரைப் பிடுங்கிய பிறகும்

இந்தக் காலத்தில் கிழவன் சொன்னால் பொய். அதுவே போனில் வந்தால் வேதவாக்கு. ஆகவே யாரும் நம்புவார்கள் என்று இதை நான் எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். ஊர்காவற்றுறையில், என் வீட்டில், போன கார்த்திகையில், பட்டப்பகலில் நடந்தது.

மகன் றொபேட் தனியாகக் கடலுக்குப் போயிருந்தான். அவன் மனைவி நிலக்சனா வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறவள். போனுக்குள் போடும் செயலிகளைச் சோதிக்கிற வேலை. கம்பியூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரி அடிப்பாள். வயரில் கொழுவிய போன் தன்பாட்டில் இயங்கும். விரலே இல்லாமல் எழுத்து விழும். எனக்கு அது பிடிக்காது.

அன்று கடற்றொழிலாளருக்கான செயலி. கடலுக்குப் போகும்போது ‘போகிறேன்’, கரைக்கு வந்ததும் ‘வந்துவிட்டேன்’ என்று அழுத்த வேண்டும். சோதனைக்குப் பெயர்கள் வேண்டுமாம். ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த, செத்தவர்களின் பட்டியலை எடுத்துப் போட்டிருந்தாள்.

“விசரே பிள்ளை உனக்கு?”

“உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேரைப் போட்டாத்தான் மாமா கரைச்சல். இவை ஆரும் கோல் எடுத்து ஏசப்போயினமே? நான் மகளை ரியூசனால கூட்டிக்கொண்டு வாறன். போனில கை வைச்சிடாதேங்கோ.”

3.05. அவள் போய்விட்டாள். நான் கதிரையில் இருந்தேன். டிக்... டிக்... ஒரு பெயருக்கு இரண்டு தரம். போனார். வந்தார். கம்பியூட்டரில் பச்சைக் கோடு.

3.17. எமிலியானுஸ். என் அண்ணர். எழுபத்தெட்டாம் ஆண்டில், இருபத்திரண்டு வயதில், கடலோடு போனவர். சேமக்காலையில் கல்லறை கட்ட உடல்கூடக் கிடைக்கவில்லை.

‘போகிறேன்’... டிக்.

அதோடு நின்றது. பச்சைக் கோடு வரவில்லை.

பிறகு எழுத்துகள் விழுந்தன. மெதுவாக...

றொ... பே... ட்.

அவன் செத்தவனில்லையே!

‘போகிறேன்.’ டிக்.

என் போனில் அவனைக் கூப்பிட்டேன். தொடர்பு இல்லை. வயரைப் பிடுங்கினேன்.

நிற்கவில்லை.

எமிலியானுஸ்... ‘வந்துவிட்டேன்.’ டிக்.

றொபேட்டுக்கு அந்த இரண்டாவது டிக் வரவேயில்லை.

3.40க்கு நிலக்சனா வந்து கம்பியூட்டரைப் பார்த்தாள். “எல்லாம் 3.09க்கே முடிஞ்சிட்டுது மாமா. உங்கட மகன்ர பேரே இதில இல்லை. நித்திரை தூங்கியிருப்பியள்.”

நான் கரைக்கு ஓடினேன். ஓடி என்ன செய்ய? கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என்னால் ஏலும்.

5.50க்குப் படகு வந்தது. றொபேட் இறங்கினான். உயிரோடு. மூன்றேகால் மட்டில் இயந்திரம் காரணமில்லாமல் நின்றதாம், பிறகு தானாகவே இயங்கியதாம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பஸ்ரியாம்பிள்ளை தலையை நிமிர்த்தினான்.

“எங்கயடா மற்ற ஆள்?”

“எந்த ஆள் பஸ்ரியண்ணை? நான் தனியத்தானே வந்தனான்.”

“பகிடி விடாதை. முன்னுக்கு அணியத்தில இருந்தவன், வெறும் மேலோட ஒரு பொடியன். படகு கரை தட்ட முன்னம் குதிச்சுச் சேமக்காலைப் பக்கமா நடந்தவனெல்லே.”

மெசின் பிழை என்கிறாள் மருமகள். பஸ்ரியாம்பிள்ளைக்குக் கண் புகார் மூடி மங்கிவிட்டது என்கிறான் மகன். நான் ஒருவர் சொல்வதையும் நம்பவில்லை. பேயையும் நம்பவில்லை.

சேமக்காலைப் பாதைதான் வீட்டுக்குக் கிட்ட. நான் சுற்றுப் பாதையால் நடந்தேன்.