பொன்மணி வண்டியின் இடப்பக்க முன்டயர்

நொச்சிக்குப்பத்துப் பொன்மணி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது சிரிக்காத வாய் குப்பத்தில் இல்லை. மீன்கூடை சுமந்தவளுக்கு ஸ்டியரிங் எதற்கு என்றார்கள். அதையெல்லாம் காதில் வாங்குகிற ஆளா அவள்? பழைய பிக்கப் ஒன்றை வாங்கினாள். காசிமேட்டில் மீன் எடுத்து, மயிலாப்பூர், அடையாறு பக்கத்து மெஸ்களில் கொண்டுபோய் இறக்கினாள். சிரித்தவர்களே பிறகு, "எங்க கூடையும் ஏத்திக்கக்கா" என்று வந்து நின்றார்கள்.

அந்த வண்டியை விற்றே ஆகவேண்டும் என்று புருஷன் செம்பியன் ஒற்றைக்காலில் நின்றான். காரணம், இடப்பக்க முன்டயர். புதுசு போட்ட கொஞ்ச நாளிலேயே உள்ஓரம் மட்டும் மொட்டையாகிவிடும். வெளிஓரம் கடையில் வாங்கியபடி இருக்கும். வலப்பக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. சக்கரம் நேராக நிற்கிறதா என்று அலைன்மென்ட் பார்த்தும் தேய்மானம் ஓயவில்லை.

"வண்டிக்கு வயசாயிடுச்சுமே. வண்டி புரோக்கர் பஞ்சாட்சரம் சாயங்காலம் வந்து பாக்கறேன்னுகிறாரு. குட்த்துடலாம்."

"உனக்குந்தான் வயசாயிடுச்சு. உன்ன யாருக்குனா குட்த்துட்டனா?"

சொன்னவள் அதே சூட்டில் ஈக்காட்டுத்தாங்கலுக்கு, மெக்கானிக் அக்பர் பாஷாவிடம் வண்டியை ஓட்டிப் போனாள்.

"இன்னா பாய், எத்தினி வாட்டி அலைன்மென்ட் பாக்கறது? மெஷினு பொய் சொல்லுதா?"

"மெஷினு நின்னுக்கினு கீற வண்டியத்தான் பாக்கும்க்கா. ஓடசொல்ல எது ஆடுதுன்னு நாமதான் பாக்கணும்."

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து ஆட்டினார். டொக்கு டொக்கு என்றது.

"பேரிங் போச்சு" என்றாள் பொன்மணி, நாடி பிடித்த வைத்தியர் மாதிரி.

"அவசரப்படாத. ஏறி பிரேக்க மிதி."

மிதித்தாள். பிரேக் பிடித்தால் பேரிங்கின் ஆட்டம் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. டொக்கு டொக்கு.

"பேரிங் இல்லக்கா. கீழ பால் ஜாயிண்ட்டு."

விளக்கடித்துக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் அந்த மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே துரு. மூட்டு தேய்ந்ததால் ஓடும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. உள்ஓரம் ரோட்டில் உரசியே கரைகிறது.

"அந்தப் பக்கம் நல்லா கீது. இந்தப் பக்கம் மட்டும் இன்னாத்துக்குத் துரு?" என்றார் பாஷா.

"கடலோரம் கீறோம் பாய். உப்புக்காத்து."

"காத்து ஒரு பக்கமா பாத்துத்தான் அடிக்குமா?"

அப்போதுதான் அவள் கண் கேபினுக்கு அடியில் போயிற்று. மாடவீதியில் மீன்தண்ணீர் சொட்டுகிறது என்று யாரோ சண்டைக்கு வந்தபோது, ஐஸ்பெட்டியில் டியூப் சொருகி, சொட்டுவதைப் பிடிக்க அங்கே மூடியில்லாத ஒரு கேன் கட்டியிருந்தாள். இடப்பக்கச் சக்கரத்துக்கு நேர் பின்னால். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்த உப்புத்தண்ணீர் முன்னால் தளும்பி மூட்டின்மேல் கொட்டியிருக்கிறது.

பாஷாவும் பார்த்துவிட்டார். "இத யாருக்கா இங்க கட்னது?"

"கட்னவ நல்லாத்தான் கட்னா. எடந்தான் தப்பு" என்றாள். அதற்குமேல் அவள் இறங்கிவர மாட்டாள்.

கேனை அவிழ்த்து வண்டியின் வாலில் கட்டினாள். புது மூட்டு மாட்டி, அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று.

சாயங்காலம் பஞ்சாட்சரம் வந்தார். குனிந்து டயரைத் தடவி உச்சுக் கொட்டினார். "வண்டியோட அடிச்சட்டம், சேஸே வளைஞ்சி கீதும்மா. இத யாரு வாங்குவா?"

"வளைஞ்சது ஒண்ணுமில்லண்ணே. மூட்டு தேஞ்சிது, மாத்தியாச்சு. வண்டி விக்கறதுக்கில்ல. டீ சாப்ட்டுப் போங்க."

செம்பியன் வாயைத் திறந்தான். "பேசாத, ஏறுய்யா" என்றாள்.

கடற்கரைச் சாலையில் கூட்டமில்லாத இடமாகப் பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். செம்பியன் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கைய வைமே!"

"நேரா போதா இல்லியா, அத்த சொல்லு."

"போது, போது!"

"விக்கணுமா?"

"வேணாந்தாயி, கைய வை!"

அப்புறந்தான் வைத்தாள்.