பாதி டீக்கு ஓர் ஆள்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. வந்தது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். வருஷக்கணக்காக நானே ஊற்றி வளர்த்தது அது. ஆரணியில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது என் வேலை. கட்டம் போட்ட தாளில் மாங்காய், அன்னம், யாளி என்று புள்ளி புள்ளியாக வரைந்து கொடுப்பேன். அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அட்டை தறிக்கு மேலே ஏறும், புடவையில் அன்னம் வந்து நிற்கும். ஒரு கட்டம் தப்பினால் அன்னத்துக்கு மூக்கு கோணிவிடும். நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை. எழுந்து நடப்பது என்றால் டீக்கடைக்கு மட்டும்தான்.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் அமையவில்லை. அம்மா போன பிறகு ஒற்றை அறை வாடகை வீட்டில் நானும் என் கட்டத் தாள்களும் மட்டும். காலையில் எழுந்தால் பேச ஆள் கிடையாது. அன்றைய முதல் வார்த்தையே, "மாஸ்டர், ஒரு டீ" என்பதாகத்தான் இருக்கும். அந்த ஒரு டீக்குக் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்காரலாம். பக்கத்தில் இருப்பவர் பேப்பரில் நடுப்பக்கம் கேட்பார், மழை வருமா என்பார், யாரையாவது திட்டுவார். அந்தப் பேச்சுக்காகவே ஒரு நாளைக்கு ஆறு ஏழு டீ குடித்தேன். எல்லாம் ஸ்ட்ராங்காக, சர்க்கரை தூக்கலாக. வெயில் ஏறினால் ஒரு கலர் சோடா, சாயங்காலம் கரும்புச்சாறு. தண்ணீர் குடித்த ஞாபகமே இல்லை. தண்ணீர் குடிப்பதற்காக யாரும் பெஞ்சில் இடம் தர மாட்டார்கள்.

தாளில் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தபோது கண்ணாடி மாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "என்னென்ன குடிப்பீங்க?" என்றார்.

"ஐயையோ, அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க."

"டீ, காபி, ஜூஸைக் கேக்கறேங்க."

வரிசையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சோத்துல வர்றதவிட கிளாஸ்ல வர்ற சர்க்கரைதாங்க உங்களுக்கு ஜாஸ்தி. கலர், கரும்புச்சாறு இன்னையோட நிறுத்துங்க. டீயில சர்க்கரை வேணாம். முடியலன்னா பாதி டீ, அதுவும் ஒரு வேளைக்குதான். தண்ணி நெறைய குடிங்க, நடங்க. இல்லன்னா கண்ணுதான் மொதல்ல போகும்."

கண் போனால் என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. பயந்துபோய்த்தான் வீட்டுக்கு வந்தேன்.

சர்க்கரை இல்லாத டீக்கு எங்கள் கடைகளில் 'வித்தவுட்' என்று பெயர். கேட்பது சுலபம், கேட்ட பிறகுதான் கஷ்டம். கல்லாவில் இருப்பவர் பாய்லர் பக்கம் திரும்பி, "வித்தவுட் ஒண்ணே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். கடையே திரும்பிப் பார்க்கும். சுகரா, எவ்வளவு இருக்கிறது, காலில் புண் ஆறுகிறதா என்று விசாரணை ஆரம்பமாகும். பொழுது சாய்வதற்குள் புடவை வியாபாரிகள் காதுக்குப் போய்விடும். கண் போகப் போகிறவனிடம் யார் டிசைன் கொடுப்பார்கள்? ஏற்கெனவே என் வாழ்க்கையில் பலதும் வித்தவுட்தான். ஊரறிய அந்தப் பட்டம் வேறு எதற்கு என்று டீக்கடைக்கே போகாமல் இருந்தேன்.

வெந்தயம் ஊறிய தண்ணீர், நீர்மோர், பாகற்காய்ச் சாறு என்று வீட்டிலேயே குடித்தேன். உடம்பு லேசானது. கால் எரிச்சல் குறைந்தது. ஆனால் சில நாள் சாயங்காலம் வரைக்கும் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். ஒரு நாள் வாசலில் முகவரி கேட்டவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் கட்டிக்கொண்டு வந்தது. எனக்கே பயமாக இருந்தது. மோர் உடம்புக்கு நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். மனுஷனுக்கு அது போதவில்லை.

மறுபடி பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போனேன். பாதி குடித்துவிட்டு மீதியை வைத்தால், "இன்னா சார், டீ நல்லா இல்லியா?" என்று மாஸ்டர் முகம் சுண்டிப்போவார். அதற்குப் பயந்தோ ஆசையிலோ மீதியையும் குடித்துவிடுவேன். கடைசியில் ஒரு நாள் தணிந்த குரலில், "பாதி டீ குடுங்க" என்று கேட்டேன்.

"பாதியா? ஒன் பை டூன்னா ரெண்டு பேரு வேணும் சார். மீதிய நான் யார் தலையில ஊத்தறது?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஒரு டீயை இரண்டு கிளாஸில் பிரித்து இரண்டு பேர் குடிப்பதுதான் ஒன் பை டூ. சிநேகிதர்கள் செய்கிற காரியம் அது. தனி ஆள் கேட்க முடியாது. என் வியாதிக்கு மருந்து இன்னொரு ஆள் என்றால் அந்த மருந்துக்கு நான் எங்கே போவேன்?

"மாஸ்டர், எனக்கும் சாருக்கும் ஒன் பை டூ போடுங்க" என்று பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு வயித்துல புண்ணு. டீய கொறைன்னு டாக்டரு சொல்லிகினே இருக்கறாரு."

பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவர் அவர். கழுத்தில் விசில் தொங்கும். போளூர் வண்டியை அனுப்பிவிட்டு தேவிகாபுரம் வண்டி வரும்வரை சாயங்காலத்தில் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு. எனக்கு என்ன உடம்பு என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

அதிலிருந்து சாயங்காலம் தவறாமல் ஒன் பை டூ. அவர் தன் பாதியை இரண்டே மடக்கில் முடித்துவிடுவார். நான் என் பாதியை உதட்டில் தொட்டுத் தொட்டு இழுப்பேன். அதுவரை அவர் டிரைவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார். "பேஜார் புடிச்ச வேல சார் இது. ஜல்தியா எடுடான்னா பொம்பள ஓடி வருதுன்னு நிக்கறான். நின்னா பின்னாடி வர்ற வண்டிக்காரன் என் சட்டையப் புடிக்கறான்." வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குத் தினம் நடந்தே போனேன். மற்ற வேளைக்குத் தண்ணீரும் மோரும். சர்க்கரை இறங்கியது. டாக்டர் சந்தோஷமாக, "என்ன பண்ணீங்க?" என்றார். ஆள் கிடைத்தது என்று சொல்ல முடியாமல், "டீயப் பாதியாக்கிட்டேங்க" என்றேன். இப்படியே இரண்டாயிரமும் பிறந்து சில வருஷம் ஓடிவிட்டது.

ஒரு ஆடி மாதம் படவேட்டு அம்மன் கோயிலில் அவர் மகளுக்குக் காது குத்து. அவசியம் வர வேண்டும் என்று என்னையும் அழைத்தார். யாரும் என்னை இப்படி அழைத்து வெகுகாலம் ஆகியிருந்ததால் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மரத்தடியில் பந்தி. எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து அவர் மிளகாய் மிதக்கும் கறிக்குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். கை கழுவியதும் ஒரு பெரிய லோட்டா நிறைய டீயை அண்ணாந்து குடித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவியிடம், "அவருக்கு வயித்துப் புண்ணாச்சே, நீங்க சொல்லக் கூடாதுங்களா?" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "இவருக்கா? கல்லத் துன்னாலும் செரிக்கும்ண்ணா. பஸ் ஸ்டாண்டுல மட்டுந்தான் பாதி டீ. யாரோ ஒருத்தரு, பாவம், ஒண்டி ஆளாம். பேச்சுத் தொணைக்கு ஆளில்லாம டீக்கடையே கதின்னு கெடக்கறாராம். அவருக்கோசரம் வயித்துல புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கறாரு. நீங்களும் அந்தப் பக்கந்தானே, பாத்திருப்பீங்க."

"பாத்திருக்கேங்க" என்றேன்.

ஆரணி திரும்பும் பஸ்ஸில் முதலில் கோபம்தான் வந்தது. பாவமாம். என்னை யார் பாவம் பார்க்கச் சொன்னது? நான் ஏதோ வேலை மும்முரத்தில் நடுவே ஒரு டீ குடிக்க வருகிறவன் மாதிரி இத்தனை வருஷம் நடந்துகொண்டிருந்தேன். சர்க்கரையை மறைத்தேன், அதில் ஜெயித்தும்விட்டேன். தனிமையையும் அப்படியே மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். முதல் நாளே அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவமானத்தில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அழுதேன்தான், அதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

சில நாள் கடைப் பக்கம் போகவில்லை. சாயங்காலமானால் அறையில் மோரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போளூர் வண்டி கிளம்பியிருக்கும் என்று மனசு அங்கேயே போகும். கடைசியில் ரோஷம் ஓய்ந்தது, நான் எழுந்து போனேன்.

"இன்னா சார், ஆளையே காணோம்?" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"வேலைங்க. இன்னைக்கு ஒரு நாளாவது நீங்க முழு டீயா சாப்புடுங்களேன்."

"வேணாம் சார்" என்று கையை வயிற்றில் வைத்துக்கொண்டார். "நமக்கு ஆவாது."

எல்லாம் தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். மனுஷன் நிம்மதியாக ஒரு முழு டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார அவருக்கு ஒரு சாக்கும் இருந்திருக்காது.

"ஆமாங்க, வயித்து விஷயம்" என்றேன். "ஜாக்கிரதையா இருங்க."