வாப்பாவின் தோணிக்குக் கோணல் மரம்

என் கணவரின் அண்ணனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, மரம் தெரியும் என்று பிலிமத்தலாவை ஊரே சொல்லும். அலுமாரி மரம் தெரியும் என்று சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். தோணி மரமும் தெரியும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பேருவளைக் கரையில் பிறந்து கண்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். என் வாப்பாவிடம் பழைய பாய்த்தோணி ஒன்று இருந்தது. அதன் வங்குகள், பலகையை உள்ளிருந்து விலா எலும்பு போலத் தாங்கும் கட்டைகள், நாலைந்து உளுத்துவிட்டன. மீன்பிடிப் பருவம் தொடங்குமுன் மாற்றியாக வேண்டும். மகள் வீட்டில் மரம் அறுத்து விற்கும் மரக்காலை இருக்கிறதே என்று நம்பி ரயிலேறி வந்தார்.

வந்தவர் அடுக்கிவைத்த பலகைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பின்னால், பாண் சுடும் போறணை அடுப்புக்கு விற்கக் குவித்திருந்த விறகருகே போய்க் குந்தினார். கிளை பிரியும் இடத்தில் வளைந்த பலாக் கட்டைகளாகப் பொறுக்கித் தட்டிப் பார்த்தார். வளைந்தே வளர்ந்த மரத்தில் நாரும் வளைந்தே ஓடும். அலை அறைந்தாலும் தாங்கும்.

மச்சானின் முகம் சுண்டிப்போயிற்று. "விறகு பொறுக்கவா மாமா இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்கட மானம் என்னாகிறது?" என்றார். உடனே முதல்தரப் பலாப் பலகையை வில் போல அறுக்கவைத்து, இழைக்கவைத்து, பளபளவென்று முன்னால் அடுக்கினார். சம்பந்தி வீட்டு அன்பளிப்பாம்! நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும், ஒரு பெரிய அலைக்கே முறியும். கரையில் கோழி விரட்டுகிற பிள்ளைக்கும் இது தெரியும். வாப்பாவுக்குத் தெரியாதா? தெரிந்தும், மகளைக் கொடுத்த வீட்டில் கொடுப்பதை மறுக்கக் கூடாது என்று தலையாட்டிவிட்டு நின்றார். அந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு நடுக்கடலில் மூழ்குவாராம்.

மாட்டு வண்டியில் ஏற்றத் தொடங்கியதும் என் பொறுமை போயிற்று. ஆண்கள் நடுவே போய் நின்றேன்.

"அது எங்களுக்கு வேணாம் மச்சான். விறகைத் தாங்க. என்ட வாப்பா உசிரோட கரைக்கு வரணும்."

கடைசியில் விறகுதான் ஏறியது, ஊர் பார்க்காதபடி சாக்குப் போட்டு மூடி.

அந்த வங்குகளோடு தோணி பல வருடம் ஓடியது. வாப்பா ஒவ்வொரு முறையும் கரைக்குத் திரும்பினார். என் வீட்டுக்கு மட்டும் அப்புறம் வரவேயில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் தலையைக் குனியவைத்துவிட்டேனாம். வராவிட்டால் போகட்டும். என்னோடு கோபித்துக்கொள்ள மனுஷன் உயிரோடு இருந்தாரே.